முப்பத்தேழு வருஷம் வாத்தியார்



நம்ம ஊரில் பாவேந்தர் பாரதிதாசன் பெயரைத் தெரியாதவர் இருக்க முடியாது. புதுச்சேரி அரசு விழா எதற்குப் போனாலும் எல்லாரும் எழுந்து நின்று பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து அவர் எழுதியதுதான். அவர் பெயரில் இங்கே அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. திருச்சியில் ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் இந்தப் புரட்சிக்கவிஞர் என்ன வேலை பார்த்தார், எந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்தினார் என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் முழிப்போம்.

அவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லை. 1909-ஆம் ஆண்டு வேலையில் சேர்ந்து 1946-இல் ஓய்வு பெறுகிற வரைக்கும் முப்பத்தேழு வருஷம்! கல்லூரிப் பேராசிரியர்கூட இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அரசுப் பள்ளி ஆசிரியர்.

பாவேந்தரைப் பற்றி மலரில் எழுதுகிறவர்கள் அவருடைய பாட்டை நாலு எடுத்துப் போட்டு, நடுவே நாலு வரி எழுதுவது வழக்கம். பாட்டெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். நான் இங்கே அந்த வாத்தியாரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைப் பருவம்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். அப்பா கனகசபை முதலியார், வியாபாரம் செய்தவர். அம்மா இலக்குமி அம்மாள். பிள்ளைக்கு வைத்த பெயர் சுப்புரத்தினம். அப்பா பெயரின் முன்பகுதியையும் சேர்த்துக் கனக சுப்புரத்தினம் ஆனார்.

அப்போது இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி. சுப்புரத்தினம் முதலில் படித்ததும் பிரெஞ்சுப் பள்ளியில்தான். பிறகு தமிழ்ப் பக்கம் வந்துவிட்டார். அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பெயர் நமக்குக் கிடைத்திருக்கிறது. திருப்புளிசாமி ஐயா, பங்காரு பத்தர், பெரியசாமிப் பிள்ளை. இவர்களில் யாருக்கும் சிலை கிடையாது. ஆனால் இவர்கள் இல்லை என்றால் சிலை வைத்திருக்கிறோமே, அந்தக் கவிஞர் கிடைத்திருக்க மாட்டார். மிஷன் வீதியில் இன்றைக்கும் நிற்கிற கல்வே கல்லூரியில் படித்து, தமிழ்ப் புலவர் தேர்வில் முதலாவதாகத் தேறினார்.

பதினெட்டு வயசில் வேலை

1909-இல் காரைக்காலை அடுத்த நிரவிப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயசு பதினெட்டு. நண்பர்களே, நம்ம வயசு! நாம் செமஸ்டர் அரியரை எண்ணிக்கொண்டிருக்கிற வயசில் அவர் ஊரை விட்டுப் போய், கரும்பலகை முன்னால் நின்றிருக்கிறார். புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு இன்றைக்கு பஸ்ஸில் போனாலே அரை நாள் போய்விடும். அந்தக் காலத்தில் அது எவ்வளவு தூரமாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே காலத்தில்தான் அவர் வாழ்க்கையில் இன்னொரு வாத்தியார் வந்தார். அவர்தான் மகாகவி பாரதியார். பாரதியாரை வாத்தியார் என்று நான் சும்மா சொல்லவில்லை. 1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாசம்போலத் தமிழாசிரியராக வேலை பார்த்தவர் அவர். பிறகு பத்திரிகைக்குப் போனார். ஆங்கில அரசு பிடித்துவிடும் என்பதால் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து பத்து வருஷம் இங்கேயே இருந்தார்.

வேணு நாயக்கர் என்பவர் வீட்டுக் கல்யாணம். அங்கே சுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். அவரும் பாரதியார் எழுதிய பாட்டையே பாடினார். கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அந்தப் பாட்டை எழுதிய பாரதியாரே என்பது பாடினவருக்குத் தெரியாது! தெரிந்ததும் ஆடிப்போயிருக்கிறார். பாரதியார் அவரை வீட்டுக்கு வரச் சொன்னார். அன்று முதல் பழக்கம்.

ஒரு நாள் பாரதியார் வீட்டில் நண்பர்கள் சூழ்ந்திருக்கும்போது, இவருக்குக் கவிதை எழுத வருமா என்ற பேச்சு எழுந்தது. அங்கேயே ஒன்று எழுதச் சொன்னார் பாரதியார். இவரும் எழுதிக் காட்டினார். பாரதியார் அதைப் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று முதுகில் தட்டியதோடு விடவில்லை. தன்னுடைய கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனக சுப்புரத்தினம் எழுதியது என்று குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். நல்ல வாத்தியார் செய்கிற வேலை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பைத் திருத்துவது எல்லாரும் செய்வது. இவன் எங்க ஆள், இவன் எழுதியது என்று நாலு பேர் முன்னால் தன் பெயரையும் சேர்த்துச் சொல்வது எல்லாராலும் முடியாது.

சுப்புரத்தினம் அதை மறக்கவே இல்லை. தன் பெயரையே பாரதிதாசன் என்று மாற்றிக்கொண்டார். பின்னால் பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்த பிறகு, ஒரு பிராமணருக்கு தாசன் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று தோழர்கள் சிலரே குறை சொன்னார்கள். சாதியைத் தூக்கி எறிந்த பாரதியைத்தான் தான் கண்டதாக அவர் சொன்னார். பெயரை மாற்றவில்லை. 1935-இல் கவிதைக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியபோதும் அதற்கு ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம் என்றுதான் பெயர் வைத்தார். அன்றைக்குப் பாரதியார் குறிப்பில் எழுதிய அதே வார்த்தை!

சம்பளம் அரசாங்கத்தது, வாய் அவருடையது

அரசாங்க வேலையில் இருக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சொல்வார்கள். எங்க வீட்டிலும் சொல்வார்கள். பாரதிதாசன் வாங்கியது பிரெஞ்சு அரசாங்கத்துச் சம்பளம். அவர் வாயைத் திறந்தார், அதற்கு விலையும் கொடுத்தார்.

அரசுக்கு எதிராக நடந்துகொண்டார் என்று குற்றம் சாட்டி ஒன்றேகால் வருஷம் சிறையில் வைத்தார்கள். பிறகு குற்றம் இல்லை என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். ஆனால் வேலை போயிருந்தது. நாமாக இருந்தால் யார் கையையாவது, காலையாவது பிடித்திருப்போம். அவர் அந்த அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார், ஜெயித்தார். மறுபடியும் அதே ஆசிரியர் வேலையில் போய்ச் சேர்ந்தார்.

1920-இல் பழனி அம்மாளைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில்தான் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் பரவியது. கதர்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றிருக்கிறார். பாடம் நடத்துகிற வாத்தியார் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்! எந்த வேலையும் கேவலம் இல்லை என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

பத்திரிகைகளுக்கு அவர் பல பெயர்களில் எழுதினார். கிறுக்கன், கிண்டல்காரன், நாடோடி, வழிப்போக்கன், கண்டெழுதுவோன் என்று வரிசையாகப் பெயர்கள். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் சம்பளத்தை நம்பி மனைவி, மக்கள் இருக்கிற ஒரு மனுஷன் மனசில் பட்டதைச் சொல்ல இப்படியும் ஒரு வழி தேட வேண்டியிருந்தது என்பதையும் யோசிக்க வேண்டும்.

அவர் ஒரே இடத்தில் நின்றவரும் இல்லை. 1926-இல் மயிலம் முருகன் மேல் துதிப்பாட்டுப் புத்தகம் போட்டவர், இரண்டு மூன்று வருஷத்தில் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்துவிட்டார். 1930-இல் தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு எழுதினார். 1933 கடைசியில் சென்னையில் சிங்காரவேலர் தலைமையில் நடந்த நாத்திகர் மாநாட்டுக்குப் போய்த் தன்னை நாத்திகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாற்பது வயசுக்கு மேல் ஒரு வாத்தியார் தன் கருத்தை மாற்றிக்கொண்டு அதைப் பகிரங்கமாகவும் சொல்வது லேசான காரியமா? அவருடைய கருத்தை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். எங்க வீட்டில் சாமி கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் அந்தத் துணிச்சலை மதிக்காமல் இருக்க முடியவில்லை.

வகுப்பிலிருந்து வந்த பாட்டு

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம் பிடிக்கிற ஒரு பெண் குழந்தையைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற பாட்டு ஒன்று அவருடையது. நாம் எல்லாரும் சின்ன வகுப்பில் படித்ததுதான். வரியை நான் சொல்லாமலே உங்களுக்கு ராகத்தோடு ஞாபகம் வந்திருக்கும். அதை வாத்தியார் எழுதினது என்று தெரிந்துகொண்டு மறுபடி படித்துப் பாருங்கள். தினமும் காலையில் எந்தப் பெண் வந்தது, எந்தப் பெண் வரவில்லை என்று பார்த்த ஒருவருக்குத்தான் அது வரும்.

1944-இல் இருண்ட வீடு என்று ஒரு புத்தகம் எழுதினார். படிப்பில்லாத ஒரு குடும்பம் எப்படியெல்லாம் சீரழிகிறது என்பதுதான் கதை. முழுக்க நகைச்சுவையாக இருக்கும், கடைசியில் வலிக்கும். அதற்கு எதிர்ப்பக்கம் குடும்ப விளக்கு. அது ஐந்து பகுதிகளாக 1942 முதல் 1950 வரை வந்தது. படித்த பெண் இருக்கிற வீடு எப்படி இருக்கும் என்று காட்டினார். ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது பள்ளிக்கூடம்.

பெண் படிக்க வேண்டும், விதவை மறுமணம் செய்துகொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் ஒரு பெண் எழுந்து பேசினால் ஊர் வாயை அடைத்திருக்கும். ஓர் ஆம்பளை வாத்தியார் சொல்லும்போது பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் பெயரில் இன்றைக்கு மகளிர் கல்லூரி இருப்பது ரொம்பப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். நம்ம வகுப்பில் நம்மோடு சர்வே செயினைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிற தோழிகளும் அந்தப் பாட்டின் கணக்கில் வருகிறவர்கள்தான்.

வில்லியனூர்ப் பையன்

வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று தெரிய அவரிடம் படித்தவரைப் பார்க்க வேண்டும். நம்ம ரெட்டியார்பாளையத்திலிருந்து மேற்கே மூலகுளம், அரும்பார்த்தபுரம் தாண்டினால் வில்லியனூர். அங்கே 1915-இல் பிறந்த பையன் அரங்கசாமி. தொடக்கப் பள்ளியில் பாரதிதாசனிடம் படித்தவர். பிற்காலத்தில் அவர்தான் கவிஞரேறு வாணிதாசன். தமிழச்சி, கொடிமுல்லை, தொடுவானம் எழுதியவர். தமிழ், பிரெஞ்சு இரண்டும் நன்றாகத் தெரிந்தவர், தமிழ்–பிரெஞ்சு அகராதி செய்தவர். பிரெஞ்சு அரசு அவருக்குச் செவாலியர் விருது கொடுத்தது.

அவர் பெயரில் இருக்கிற தாசனைப் பாருங்கள். பாரதியார், அவருக்குத் தாசன் பாரதிதாசன், அவரிடம் படித்தவர் வாணிதாசன். அவரும் வேறு பெரிய வேலைக்கு ஓடிவிடவில்லை. பள்ளி ஆசிரியராகவே வேலை பார்த்தார். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது என்று பெரியவர்கள் மேடையில் பேசும்போது நமக்குக் கொட்டாவி வரும். ஆனால் நாம் தினமும் டவுன் பஸ்ஸில் போகிற வில்லியனூர் ரோட்டிலேயே அது நடந்திருக்கிறது!

நான் ஏன் இதை எழுதுகிறேன்

எங்க அப்பா கொத்தனார். அம்மா நாலாவதோடு நின்றுவிட்டார். பத்தாவது தாண்டினது எங்க குடும்பத்தில் நான்தான் முதல். ஐந்தாவது வரைக்கும் எங்களுக்கு டீச்சர்கள்தான். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது அவர்களால்தான், அதில் மாற்றுப் பேச்சே இல்லை.

ஆறாவதில் ஒரு தமிழ் ஐயா வந்தார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பார். எங்க தெருவில் எனக்குத் தெரிந்த ஆம்பளைகள் எல்லாம் வெயிலில் வேலை செய்வார்கள், சாயங்காலம் களைத்து வருவார்கள், சிலர் குடித்துவிட்டு வருவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு படிக்கிற ஓர் ஆம்பளையை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். ஆம்பளை என்றால் இப்படியும் இருக்கலாமா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவர் பாடமாக நடத்தவில்லை. உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

படித்த அப்பா இருக்கிற வீட்டுப் பையனுக்கு இது புரியாமல் இருக்கலாம். நம்மைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குப் புரியும். பிள்ளைக்கு அம்மா மாதிரி டீச்சர் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு வேண்டும் இப்படி ஒரு வாத்தியாரும். பையனுக்கு மட்டும் இல்லை, வீட்டில் அதட்டுகிற ஆம்பளைக் குரலை மட்டுமே கேட்ட பெண்ணுக்கும்தான்.

ஆனால் இன்றைக்கு என்ன நடக்கிறது? வாத்தியார் வேலைக்குப் போகிறேன், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு, என்று ஒரு பையன் சொன்னால் சுற்றி இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். அது பொம்பளைங்க வேலை, உனக்கு எதுக்குடா என்கிறார்கள். குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். 1885-இல் பிறந்தவர், வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, 1920-இல் பாவ்நகரில் சின்னக் குழந்தைகளுக்காகப் பாலமந்திர் தொடங்கினார். கதை சொல்லி, பாட்டுப் பாடி, அடிக்காமல் சொல்லிக்கொடுத்தார். மீசை வைத்த அம்மா என்று அவருக்குப் பட்டப் பெயர்! அது கேலி இல்லை நண்பர்களே, மரியாதை.

ஓய்வுக்குப் பின்

1946-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள். சென்னையில் பாவேந்தருக்குப் பெரிய விழா. அறிஞர் அண்ணா முன்நின்று நடத்தினார். நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமை. பொன்னாடை போர்த்தி, இருபத்தையாயிரம் ரூபாய் நிதி கொடுத்தார்கள். அந்தக் காலத்து இருபத்தையாயிரம்! இவ்வளவும் நடந்தபோது அவர் இன்னும் பள்ளிக்கூட வாத்தியார்தான். அந்த வருஷக் கடைசியில்தான் ஓய்வு பெற்றார்.

பிறகு குயில் பத்திரிகை நடத்தினார். நாடகம் எழுதினார், சினிமாவுக்கு எழுதினார். புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். எல்லாம் கைகூடியது என்று சொல்ல முடியாது. பாண்டியன் பரிசு காவியத்தைப் படமாக எடுக்கச் சென்னைக்குப் போனார். படம் முடியவே இல்லை. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் சென்னையில் மருத்துவமனையில் காலமானார். உடல் நம்ம ஊருக்கு வந்தது. மறுநாள் கடற்கரை ஓரத்தில் அடக்கம் நடந்தது. பிசிராந்தையார் நாடகத்துக்கு 1969-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் இருந்த வீடு பெருமாள் கோயில் தெருவில் 95-ஆம் எண். இப்போது அருங்காட்சியகம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறவர்கள் ஒரு நாள் அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்ததும் நாம் கம்பெனிக்குப் போவோம், சைட்டுக்குப் போவோம், சிலர் மேலே படிப்போம். எல்லாரும் வாத்தியாராக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம்மில் ஒருவன் அப்படி ஆசைப்பட்டால் சிரிக்காதீர்கள். இன்னொன்று, நம்ம தெருவில் நமக்குப் பின்னால் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. சாயங்காலம் ஒரு மணி நேரம் ரெண்டு பேரைக் கூட்டி உட்கார வைத்தால் போதும். நான் இந்த வருஷம் மூணு பேரோடு ஆரம்பித்திருக்கிறேன். ஒருவன் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாவதில் நிற்கிறான். எட்டுக்கு வந்துவிடுவான்.

பதினெட்டு வயசில் நிரவியில் ஒருவர் கரும்பலகை முன்னால் நின்றார். நமக்கும் அந்த வயசுதான்.



— இரண்டாம் ஆண்டு, சிவில்,
ரெட்டியார்பாளையம்.